பத்தாவது ஆள்

டிசம்பர் மாலை, மணி நாலேகால். அமெரிக்காவின் வடகிழக்கில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். லேபில் என் பக்கத்து மேஜை நண்பன் பிப்பெட்டும் கையுமாக இருந்தான். அவன் போனில் வாட்ஸாப் சத்தம். எட்டிப் பார்த்தவன் பிப்பெட்டை ஸ்டாண்டில் மாட்டினான், கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டான், "பதினஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு ஓடினான். திரும்பி வந்தபோது மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அப்படி என்ன அவசரம் என்று கேட்டேன். போனைக் காட்டினான். "ஒன்பது பேர் இருக்கோம். ஒருத்தர் வேணும். சீக்கிரம்." அவ்வளவுதான் செய்தி.

"என்னைக் கூப்பிட்டிருந்தா நானே வந்திருப்பேனே" என்றேன்.

சிரித்தான். "தாராளமா வா. ஆனா நீ கணக்குல வரமாட்டே."

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுகலை, பிஎச்டி படிக்கும் யூத மாணவர்கள் எப்படி வாழ்கிறார்கள், ஏன் அவர்களிடம் சங்கமும் போராட்டமும் இவ்வளவு சாதாரணமாக நடக்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சுலபமாக இருந்தது.

பத்து என்பது எங்கிருந்து வந்தது

யூதர் ஒருவர் தனியாகப் பிரார்த்தனை செய்யலாம், தடையில்லை. ஆனால் சில பகுதிகளைப் பத்துப் பேர் கூடினால்தான் சொல்ல முடியும். யூத வேதமான தோராவின் சுருளை விரித்துச் சபையில் வாசிக்கவும் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேருக்குப் பெயர் மின்யான். எபிரேயத்தில் 'எண்ணிக்கை' என்றுதான் பொருள். காலை, பிற்பகல், இரவு என நாளைக்கு மூன்று வேளை பிரார்த்தனை. பிற்பகல் வேளையைச் சூரியன் மறைவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால்தான் டிசம்பரில் நாலேகால் மணிக்கு அந்த ஓட்டம்.

ஏன் பத்து? யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்முத் சொல்லும் காரணம் எனக்குப் பிடித்தமானது. வேத நூலான எண்ணாகமத்தின் 14ஆம் அதிகாரத்தில், கானான் நாட்டை வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் திரும்பி வந்து மக்களைப் பயமுறுத்துகிறார்கள். கடவுள் கோபத்தில் அவர்களை 'இந்தப் பொல்லாத சபை' என்கிறார். ஆக, பத்துப் பேர் சேர்ந்தால் அது ஒரு சபை. புனிதக் காரியத்துக்கான எண்ணிக்கையைப் பொல்லாதவர்களிடமிருந்து எடுத்திருக்கிறார்கள்! நல்லவர்கள் பத்துப் பேர் கிடைக்கும்வரை காத்திருந்தால் எந்த ஊரிலும் பிரார்த்தனை நடக்காது என்பது தெரிந்தவர்கள் போல.

இன்னொரு வேடிக்கை. ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது. எண்ணினால் கண் பட்டுவிடும் என்கிற அச்சம் நமக்கும் புதிதல்லவே. அதனால் எபிரேய மூலத்தில் சரியாகப் பத்துச் சொற்கள் கொண்ட சங்கீதம் 28:9ஐ எடுத்துக்கொண்டு, தலைக்கு ஒரு சொல்லாக முணுமுணுத்துப் பார்ப்பார்கள். 'ஹோஷியா' என்று தொடங்கும் அந்த வசனம் 'ஹா ஓலாம்' என்று முடியும்வரை ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆள் கிடைத்தால் மின்யான் கூடிவிட்டது.

பத்துப் பேர் இல்லாமல் சொல்ல முடியாதவற்றில் முக்கியமானது கத்தீஷ். தாயோ தந்தையோ இறந்துவிட்டால் பிள்ளை பதினோரு மாதம் தினமும் அதைச் சொல்ல வேண்டும். அராமேய மொழியில் இருக்கும் அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கக் கடவுளின் புகழ்தான். ஊரில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து மறுபடி ஆராய்ச்சியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்குத் தினமும் இன்னும் ஒன்பது பேர் வேண்டும். 'எனக்குப் பக்தியெல்லாம் பெரிதாக இல்லை' என்று சொல்கிற மாணவர்கள்கூட அந்த வாட்ஸாப் செய்திக்கு ஓடுவது இதனால்தான். நண்பன் அன்றைக்கு ஓடியதும் முகம் மட்டுமே பழக்கமான ஒருவருடைய அப்பாவுக்காக.

பிஎச்டியும் வெள்ளிக்கிழமையும்

இளங்கலை மாணவர்களுக்கு விடுதி உண்டு, மெஸ் உண்டு, நான்கு வருஷம் ஒரே கூட்டம். பிஎச்டி மாணவர் அப்படியல்ல. ஊருக்குள் எங்கோ வாடகை வீடு, கல்யாணமாகியிருக்கும், கைக்குழந்தைகூட இருக்கலாம். ஐந்தாறு வருஷம் தன் கைடையும் தன் தலைப்பையும் தவிர வேறு உலகம் தெரியாது. தனிமைதான் இந்தப் படிப்பின் இயல்பு. யூத வாழ்க்கையின் இயல்போ நேர் எதிர். பிரார்த்தனைக்குப் பத்துப் பேர், பாடம் படிக்க இரண்டு பேர். ஹவ்ரூதா என்று ஒரு முறை இருக்கிறது. இருவர் ஒரு பக்கத்தை எதிரெதிரே வைத்துக்கொண்டு சத்தம் போட்டு வாதாடிப் படிப்பார்கள். நூலகத்தில் சூயிங்கம் மெல்லும் சத்தத்துக்கே முறைக்கிறவர்கள் ஹவ்ரூதா நடக்கும் அறைக்குள் ஒரு தடவை எட்டிப் பார்க்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும்வரை ஷபாத், அதாவது ஓய்வுநாள். கடைப்பிடிக்கிறவர்கள் அந்த இருபத்தைந்து மணி நேரம் விளக்கு சுவிட்சைத் தொடமாட்டார்கள், எழுதமாட்டார்கள், வண்டி ஏறமாட்டார்கள். இதை ஒரு லேபில் வைத்துப் பாருங்கள். செல்கள் ஷபாத் பார்ப்பதில்லை. சனிக்கிழமை மதியம் மீடியம் மாற்ற வேண்டும் என்றால் பக்கத்து மேஜைக்காரர்தான் செய்ய வேண்டும். நான் மாற்றியிருக்கிறேன். பதிலுக்குத் தீபாவளிக்கு மறுநாளும் கிறிஸ்துமஸ் அன்றும் என்னுடைய தட்டுகளை அவன் பார்த்துக்கொண்டான். கறாரான பண்டமாற்று, இரண்டு பேருக்கும் லாபம்.

செப்டம்பர், அக்டோபர் இன்னும் கஷ்டம். புத்தாண்டு, யோம் கிப்பூர் உபவாசம், கூடாரப் பண்டிகை எல்லாம் மூன்று வாரத்துக்குள் வந்து விழும், அதுவும் செமஸ்டர் சூடு பிடிக்கும் நேரத்தில். சந்திரனையும் சூரியனையும் சேர்த்துக் கணக்கிடும் பஞ்சாங்கம் என்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். இந்த வருஷம் எந்தெந்த நாள் வரமாட்டேன் என்று பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவது ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் நடக்கும் சடங்கு. பெரும்பாலானோர் 'சரி' என்பார்கள். சிலர் 'இன்னும் எத்தனை பண்டிகைதான் மிச்சம்?' என்று கேட்பார்கள்.

குழந்தை வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, வெளியாட்களுக்கு அது கண்ணிலேயே படாது. ஷபாத்தில் பொது இடத்தில் எதையும் தூக்கிக்கொண்டு போகக் கூடாது, குழந்தை வண்டி தள்ளுவதும் அதில் அடக்கம். இதற்கு ஏற்பாடுதான் ஏரூவ். கம்பத்துக்குக் கம்பம் மெல்லிய கம்பியோ கயிறோ கட்டி ஒரு பகுதி முழுவதையும் ஒரே வீட்டு முற்றம் போல ஆக்கிவிடுவார்கள். மன்ஹாட்டனின் பெரும்பகுதியைச் சுற்றி இப்படி ஒரு கம்பி ஓடுகிறது. வாரந்தோறும் ஆள் போய் எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதே தெருவில் தினமும் நடக்கும் லட்சக்கணக்கானவர்களுக்குத் தலைக்கு மேலே ஒரு 'சுவர்' இருப்பது தெரியாது. எந்தப் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்று முடிவெடுக்கும்போது உதவித்தொகைக்கு அடுத்தபடியாக ஏரூவ் இருக்கிறதா என்று விசாரிக்கும் தம்பதிகள் இருக்கிறார்கள். மதவிதிப்படி சமைத்த கோஷர் சாப்பாடு மூன்றாவது.

கூரை மேல் ஒரு மாணவர்

இதையெல்லாம் ஒருங்கிணைக்கும் அமைப்புகளில் பெரியது ஹில்லெல். 1923இல் இல்லினாய் மாநிலத்தின் ஷாம்பேனில், பெஞ்சமின் பிராங்கெல் என்ற இளம் ரப்பி (யூத மதகுரு) தொடங்கியது. அவரைத் தூண்டியவர்களில் ஒருவர் யூதரே அல்ல. எட்வர்ட் சான்சி பால்ட்வின் என்ற ஆங்கிலப் பேராசிரியர், தன்னிடம் படிக்க வரும் யூத மாணவர்களுக்கு அவர்களுடைய வேதமே தெரியவில்லையே என்று வருத்தப்பட்டவர். பிராங்கெல் முப்பது வயதிலேயே, 1927இல், இறந்துவிட்டார். அமைப்பு நாடெங்கும் பரவியது. 1933இல் அதன் தேசியப் பொறுப்புக்கு வந்த ஏப்ரம் சாக்கர்தான் பின்னால், 1948இல், பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார்.

ஹில்லெல் யார் என்பது தெரிந்தால் பெயர் ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய அறிஞர். இளமையில் கூலி வேலை. கிடைக்கும் காசில் பாதி வீட்டுக்கு, பாதி பாடசாலை வாசற்காவலருக்கு. ஒரு நாள் வேலை கிடைக்கவில்லை, காவலர் உள்ளே விடவில்லை. கூரை மேல் ஏறி, வெளிச்சம் விழும் திறப்பில் காதை வைத்துப் பாடம் கேட்டார். வெள்ளிக்கிழமை, குளிர்காலம், பனி கொட்டியது. விடிந்தபோது ஆசிரியர்கள் இருவர், எப்போதும் வெளிச்சமாக இருக்கும் அறை இன்று ஏன் இருட்டாக இருக்கிறது என்று மேலே பார்த்தார்கள். திறப்பில் ஓர் உருவம். மூன்று முழப் பனிக்கு அடியிலிருந்து அவரை எடுத்து, குளிப்பாட்டி, எண்ணெய் தேய்த்து, நெருப்பருகே உட்கார வைத்தார்கள். அன்றைக்கு ஷபாத், நெருப்பு மூட்டக் கூடாத நாள். இவனுக்காக ஷபாத்தை மீறலாம் என்றார்களாம். ஃபீஸ் கட்ட முடியாத மாணவருக்காக விதியைத் தளர்த்திய கதை. மாணவர் அமைப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

நடைமுறையில் ஹில்லெல் என்றால் ஒரு கட்டடம், ஒரு சமையலறை, வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாடு. இன்னொரு பக்கம் சபாத் (Chabad; ஓய்வுநாளான ஷபாத் அல்ல) என்ற மத இயக்கத்தின் வீடுகள். முதல் வளாக வீடு 1969இல் லாஸ் ஏஞ்சலிஸின் யூசிஎல்ஏ அருகே திறக்கப்பட்டது. பக்தி மரபான ஹசிதியத்தைச் சேர்ந்த ரப்பி ஒருவர் குடும்பத்தோடு வளாகத்தை ஒட்டிக் குடிவந்து, தன் வீட்டு மேஜையிலேயே மாணவர்களை உட்கார வைப்பார். ஹில்லெல் கொஞ்சம் ஆபீஸ் மாதிரி, சபாத் சித்தப்பா வீடு மாதிரி. இரண்டுக்கும் மாறி மாறிப் போகிறவர்கள்தான் அதிகம். எங்கே கோழி சூப் நன்றாக இருக்கும் என்பதில் கொள்கை வேறுபாடு எதுவும் கிடையாது. பின்னலிட்ட ஹல்லா ரொட்டி இரண்டு, திராட்சை ரசம், மெழுகுவர்த்தி, நடுவே 'உன் தீசிஸ் எப்போ முடியும்?' என்று யாரும் கேட்கக் கூடாது என்கிற எழுதப்படாத சட்டம்.

கதவுக்கு வெளியே

சங்கம் இவ்வளவு வலுவாக அமைந்ததற்கு வழிபாடு மட்டும் காரணமல்ல. கதவுகள் சாத்தியிருந்த காலம் ஒன்று உண்டு.

1922இல் ஹார்வர்டு தலைவர் லாரன்ஸ் லோவெல், மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டிவிட்ட யூதர்களை 15 சதவீதத்துக்குக் குறைக்கப் பார்த்தார். வெளிப்படையான ஒதுக்கீட்டை ஆசிரியர்கள் ஏற்கவில்லை. ஆனால் சில வருஷத்துக்குள் 'குணநலன்', எந்த ஊர், புகைப்படம் என்று சுற்றுவழியில் அதே வேலை நடந்தது. மற்றப் பெரிய பல்கலைக்கழகங்களும் தத்தம் பாணியில் செய்தன.

மேற்படிப்பில் இது இன்னும் நுணுக்கமாக நடந்தது. ரிச்சர்ட் ஃபைன்மனை இயற்பியல் படித்த எல்லாருக்கும் தெரியும். அவர் எம்ஐடி முடித்துப் பிரின்ஸ்டனுக்கு விண்ணப்பித்தபோது, அங்கிருந்த இயற்பியல் துறைத் தலைவர் எம்ஐடிக்குக் கடிதம் எழுதி இவர் யூதரா என்று விசாரித்தார். எங்களிடம் அப்படியொரு விதி இல்லை, ஆனால் அவர்களுக்குப் பின்னால் வேலை வாங்கித் தருவது கஷ்டம், அதனால் எண்ணிக்கையைக் குறைவாக வைத்துக்கொள்கிறோம் என்பது விளக்கம். ஆமாம், ஆனால் பார்த்தால் தெரியாது, பழகினாலும் தெரியாது என்கிற தொனியில் பதில் போனது. பரிந்துரைக் கடிதம்தான் அது! 1939இல் ஃபைன்மன் சேர்ந்தார். விதி இல்லை என்று சொல்லிக்கொண்டே விதியை நடத்தும் அந்த நாகரிகம், சாதிச் சான்றிதழ் கேட்காமலே சாதியைக் கண்டுபிடித்துவிடும் பேட்டிகளைப் பார்த்த நமக்கு உடனே பிடிபடும்.

அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகப் பல் மருத்துவக் கல்லூரியில் நடந்தது இதைவிடக் கொடுமை. அங்கே உள்ளே விட்டுப் பிறகு தள்ளினார்கள். 1948 முதல் 1961 வரை அங்கே சேர்ந்த யூத மாணவர்களில் 65 சதவீதம் பேர் தோற்கடிக்கப்பட்டார்கள் அல்லது ஓர் ஆண்டைத் திரும்பப் படிக்க வைக்கப்பட்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் இனம் என்ற இடத்தில் மூன்று தேர்வுகள்: வெள்ளையர், யூதர், மற்றவர். 1952இல் வெளியேற்றப்பட்ட பெரி பிரிக்மன் வேறு கல்லூரியில் படித்து வாய் அறுவை மருத்துவரானார். இதில் மனசைப் பிசைவது, ஒவ்வொருவரும் தனக்குத்தான் மூளை போதவில்லை என்று நம்பியது. வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லாதவர்கள் உண்டு. ஓய்வு பெற்றபின் பிரிக்மன் பழைய வகுப்புத் தோழர்களைத் தேடிப் போய், கேமரா முன் உட்கார வைத்துப் பேச வைத்தார். 2012இல் எமரி மன்னிப்புக் கேட்டது. அறுபது வருஷத்துக்குப் பிறகு, முதிய வயதில், அவர்களில் பலர் ஒரே அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள்.

கதவு சாத்தியபோது சொந்த வீடு கட்டியதும் நடந்தது. 1955இல் நியூயார்க்கின் பிராங்க்ஸில் திறக்கப்பட்ட ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி அப்படிப்பட்ட ஒன்று.

பஸ்காவைத் தெருவுக்குக் கொண்டுபோனவர்கள்

1964 ஏப்ரல் 27. ஜேக்கப் பிர்ன்பாம் என்பவர் நியூயார்க்கில் மாணவர் விடுதிகளில் கதவு கதவாகத் தட்டி ஆள் சேர்த்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கூட்டம் போட்டார். விஷயம் சோவியத் யூனியன் யூதர்கள். அவர்கள் எபிரேயம் கற்க முடியாது, எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகைக்குப் புளிக்காத அப்பம் சுடுவதே பாடு, நாட்டை விட்டு வெளியேறவும் முடியாது. நான்கே நாளில், மே தினத்தன்று, ஆயிரம் மாணவர்கள் ஐநாவுக்கான சோவியத் தூதரகத்தின் எதிரே நின்றார்கள். உழைப்பாளர் அரசின் திருநாளையே தேர்ந்தெடுத்தது தற்செயல் அல்ல.

இந்தப் போராட்டத்தில் நான் கவனித்தது அதன் மொழி. 'என் மக்களைப் போக விடு' என்பது மோசே பார்வோனிடம் சொன்னது, யூத வீடுகளில் பஸ்கா இரவில் நினைவுகூரும் விடுதலைக் கதையில் வருவது. அதை அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். அடுத்த வருஷம், வேதத்தில் கொம்பு ஊதி எரிகோ கோட்டையைச் சுற்றி வந்த கதையை எடுத்து, ஆட்டுக்கொம்பு ஊதி ஊர்வலம் போனார்கள். தனியாகக் கோஷம் கண்டுபிடிக்கும் அவசியமே வரவில்லை. இருபது வருஷத்துக்கும் மேல் விடாமல் நடத்தியதில், 1987 டிசம்பரில் வாஷிங்டனில் கூடிய கூட்டம் இரண்டரை லட்சம். பிறகு சோவியத் கதவு திறந்தது. பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். அது மாணவர்களால் மட்டும் நடந்தது என்று சொன்னால் மிகை. பெரியவர்களின் அமைப்புகள் தயங்கிக்கொண்டிருந்தபோது தெருவில் இறங்கியவர்கள் மாணவர்கள் என்பது வரை நிச்சயம்.

யாரைச் சேர்த்துப் பத்து?

இனி அந்தக் கணக்குக்கே வருவோம். 'பத்துப் பேர்' என்று இவ்வளவு நேரமும் சொல்லிவந்தேன். மரபுப்படி அது பத்து ஆண்கள், பதின்மூன்று வயது நிரம்பியவர்கள். ஒன்பது ஆண்களும் நூறு பெண்களும் கூடியிருந்தாலும் மின்யான் கிடையாது.

கொலம்பியாவிலிருந்து பிராட்வேயில் வடக்கே நடந்தால் 122ஆம் தெருவில் யூத இறையியல் கல்லூரி, 1886இல் தொடங்கியது. கன்சர்வேடிவ் பிரிவின் ரப்பிகளை உருவாக்கும் இடம். பெயர் அப்படி இருந்தாலும் யூத மதப் பிரிவுகளில் இது நடுவழி. ஒரு பக்கம் பழைமை பேணும் ஆர்த்தடாக்ஸ், மறுபக்கம் மாற்றத்தை ஏற்கும் ரிஃபார்ம். 1900களின் தொடக்கத்தில் ஹென்றியட்டா சோல்ட் அங்கே வகுப்பில் உட்கார அனுமதி கேட்டார். கொடுத்தார்கள், ரப்பி பட்டம் கேட்கமாட்டேன் என்ற உறுதியின் பேரில். பின்னாளில் ஹதாஸா என்ற மாபெரும் பெண்கள் அமைப்பைத் தொடங்கியவர் இவர்தான்.

1916இல் சோல்டின் அம்மா இறந்தார். வீட்டில் எல்லாம் பெண்கள், ஆண் பிள்ளை கிடையாது. குடும்ப நண்பர் ஒருவர், உங்களுக்குப் பதில் நான் கத்தீஷ் சொல்கிறேன் என்று அன்போடு முன்வந்தார். சோல்ட் எழுதிய பதில் யூதப் பெண்கள் இன்றும் படிப்பது. நன்றி, ஆனால் ஏற்க முடியாது. சமூகத்தோடு பெற்றோருக்கு இருந்த உறவை நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று பிள்ளை பகிரங்கமாகச் சொல்வதே கத்தீஷ், அதை எனக்காக இன்னொருவர் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். கோபம் இல்லாமல், ஒரு சொல் கூடாமல் குறையாமல் மறுத்திருக்கிறார்.

ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, 1971இல், நியூயார்க்கில் சில இளம் பெண்கள் கூடி யூதச் சட்டத்தில் பெண்ணின் இடம் என்ன என்று படிக்கத் தொடங்கினார்கள். அவர்களில் கொலம்பியாவில் வரலாற்றில் பிஎச்டி செய்துகொண்டிருந்த பவுலா ஹைமனும், தால்முத் படித்துக்கொண்டிருந்த ஜூடித் ஹாப்ட்மனும் உண்டு. குழுவுக்கு வைத்த பெயர் எஸ்ரத் நாஷிம். எருசலேம் ஆலயத்திலும் தொழுகைக்கூடங்களிலும் பெண்கள் உட்காரும் தனிப் பகுதிக்கு அந்தப் பெயர். சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'பெண்களின் உதவி' என்றும் பொருள் வரும். தங்களை ஒதுக்கிய இடத்தின் பெயரையே சிலேடையாக எடுத்துத் தலைப்பலகையில் மாட்டிவிட்டார்கள்.

1972 மார்ச்சில் கேட்ஸ்கில் மலைப்பகுதி ஓட்டல் ஒன்றில் கன்சர்வேடிவ் ரப்பிகளின் மாநாடு. நிகழ்ச்சி நிரலில் இவர்களுக்கு இடமில்லை. அழையா விருந்தாளிகளாகவே போனார்கள். கையில் ஒரே ஒரு கோரிக்கைத் தாள். மின்யானில் எங்களையும் எண்ணுங்கள், தோரா வாசிக்க அழையுங்கள், எங்கள் சாட்சியத்தை ஏற்றுக்கொள்ளுங்கள், விவாகரத்தைத் தொடங்க எங்களுக்கும் உரிமை கொடுங்கள், ரப்பி படிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கோரிக்கைதான் அபாரம்: ஆண்களுக்குள்ள மதக் கடமைகள் அத்தனையும் எங்களுக்கும் கட்டாயமாகட்டும். உரிமை கேட்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் சுமையையும் கேட்டார்கள், ஏனென்றால் அந்தச் சட்டத்தை அவர்கள் படித்திருந்தார்கள். கடமை உள்ளவரைத்தான் எண்ணுவோம் என்பதே எதிர்த்தரப்பின் வாதமாக இருக்கும் என்று முன்பே தெரியும். ரப்பிகளின் மனைவிமார் திரளாக வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

மறு வருஷமே, 1973இல், கன்சர்வேடிவ் சட்டக் குழு பெண்களையும் மின்யானில் எண்ணலாம் என்றது. ரப்பி படிப்புக்குத்தான் நாளானது. ரிஃபார்ம் பிரிவு 1972இலேயே சாலி பிரீசாண்டை ரப்பியாக்கிவிட்டது. 122ஆம் தெருவில் கமிஷன், அறிக்கை, ஒத்திவைப்பு என்று இழுத்து, 1983 அக்டோபரில் ஆசிரியர்கள் 34க்கு 8 என்று வாக்களித்துப் பெண்களைச் சேர்த்தார்கள். 1985இல் ஏமி ஐல்பெர்க் கன்சர்வேடிவ் பிரிவின் முதல் பெண் ரப்பி. இதை ஏற்காமல் விலகிப்போன பெரும் அறிஞர்களும் உண்டு, அவர்களை வெறும் பிற்போக்காளர்கள் என்று தள்ளிவிடுவது அநியாயம். ஒரு சட்டத்தை வாழ்நாள் முழுவதும் கட்டிக் காத்தவருக்கு அதில் ஒரு செங்கல்லை உருவுவது என்னவாக இருக்கும் என்பதும் கணக்கில் வர வேண்டும்.

ஒரே வாசகம், இரண்டு மேஜை

இப்போது யூத மாணவர்களிடையே பெரிய பிளவு இஸ்ரேல் பற்றியது. யூத மாணவர் என்றாலே இஸ்ரேல் அரசின் ஆதரவாளர் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். உள்ளே அப்படி இல்லை. இஸ்ரேல்தான் தன் அடையாளத்தின் நடு அச்சு என்கிறவர்கள் நிறையப் பேர். இஸ்ரேலை நேசித்துக்கொண்டே பாலஸ்தீனப் பகுதிகளின் ஆக்கிரமிப்பை எதிர்க்கிறவர்கள் உண்டு. யூதர்களுக்குத் தனி நாடு என்கிற சியோனியத்தையே மறுக்கிறவர்களும் உண்டு. ஹில்லெல் அமைப்பு, இஸ்ரேலைப் புறக்கணிக்கச் சொல்கிறவர்களோடு சேர்ந்து நிகழ்ச்சி நடத்துவதில்லை என்று விதி வைத்திருக்கிறது. அது சரியா என்று மாணவர்களுக்குள்ளேயே பல வருஷமாகச் சண்டை.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காசா போருக்கும் பிறகு இது உச்சத்துக்குப் போனது. 2024 ஏப்ரல் 17 அன்று கொலம்பியா புல்வெளியில் பாலஸ்தீன ஆதரவுக் கூடாரங்கள் முளைத்தன. 22ஆம் தேதி பஸ்கா இரவு. கூடாரங்களுக்கு நடுவே போராட்டத்தில் இருந்த யூத மாணவர்கள் தரையில் விரித்து உட்கார்ந்து பஸ்கா விருந்து நடத்தினார்கள். அதே போராட்டத்தின் கோஷங்களும் வசவுகளும் பயமுறுத்தியதால் வளாகத்துக்குள் கால் வைக்கவே அஞ்சிய வேறு யூத மாணவர்கள் வேறு மேஜைகளில் உட்கார்ந்தார்கள். 'எகிப்தில் அடிமைகளாயிருந்தோம்' என்ற ஒரே வாசகத்தை இரண்டு மேஜையிலும் வாசித்தார்கள். யார் இன்றைய எகிப்து என்பதில்தான் உடன்பாடில்லை.

அன்றாட வாழ்க்கையில் இந்த வேறுபாடுகள் அறை அறையாகப் பிரிந்து கிடக்கின்றன. ஒரே கட்டடத்தில் மாடியில் ஆண்களை மட்டும் எண்ணும் மின்யான், கீழே எல்லாரையும் எண்ணும் மின்யான். சில இடங்களில் மூன்றாவது வகையும் உண்டு. பத்து ஆண்களும் பத்துப் பெண்களும் வந்து சேரும்வரை தொடங்கமாட்டார்கள். சட்டத்தையும் மீறவில்லை, பெண்களையும் விடவில்லை. காத்திருப்புதான் இரட்டிப்பு.

நண்பனோடு ஒரு சாயங்காலம் நானும் போனேன். கீழ்த்தள அறை, மடக்கு நாற்காலிகள், ஓரத்தில் பழைய பிரிண்டர். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். முன்னால் நின்ற ஒருவர் உதட்டுக்குள் வசனத்தைச் சொல்லியபடி தலை தலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசிச் சொல் என் மேல் வந்து நின்றது. முகம் மலர்ந்தது. நண்பன் லேசாகத் தலையை ஆட்டினான். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுவரோரம் ஒரு மாணவர் கையில் பிரார்த்தனைப் புத்தகத்தோடு நின்றுகொண்டே இருந்தார், கத்தீஷ் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஜன்னலில் வெளிச்சம் கொஞ்சம்தான் பாக்கி. கதவு திறந்தது. வேதியியல் துறைப் பெண் ஒருத்தி, ஒரு கையில் சைக்கிள் ஹெல்மெட், "ஸாரி, சிக்னல்ல மாட்டிக்கிட்டேன்" என்று மூச்சு வாங்க உள்ளே வந்தாள். யாரோ பக்கம் திறந்து அவளிடம் புத்தகத்தை நீட்டினார்கள்.